கொலாபா ஸ்டேஷன் எங்கே?

நம் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறது. பித்தளைச் சாமான்களுக்கு அடியில், வெள்ளைத் துணியில் சுற்றிய சில தபால் கார்டுகள் அதில் வெகு காலமாகக் கிடந்தன. நம் பாட்டனாரின் தமையனார் பம்பாயில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த நாளில் ஊருக்கு எழுதிய கார்டுகள் அவை. மை மங்கிப் போயிருந்தாலும் எழுத்துக்கள் முத்து முத்தாக இருக்கின்றன.

1929-ம் வருஷத்துக் கார்டு ஒன்றில் பெரியவர் குதூகலமாக எழுதியிருக்கிறார். தாதரில் சிநேகிதர்களோடு ஒரு மெஸ்ஸில் தங்கியிருக்கிறாராம். தினமும் காலையில் மின்சார ரயிலில் ஏறிக் கொலாபா ஸ்டேஷனில் இறங்குகிறாராம். புகையும் கிடையாது, கரியும் கிடையாது. கட்டிய வேஷ்டி கட்டியபடி வெள்ளையாகவே ஆபீஸ் போய்ச் சேருகிறதாம். வண்டியின் ஒரு பக்கத்து ஜன்னல் வழியாகக் கடற்காற்று வீசுகிறதாம்!

1931-ம் வருஷம் ஆடி மாதத்துக் கார்டு வேறு விதம். "இப்போதெல்லாம் சர்ச்கேட்டிலேயே இறக்கி விட்டுவிடுகிறார்கள். கொலாபா ஸ்டேஷன் இல்லை. டிராமுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க மழையில் நடக்கிறேன். கடலைத் தூர்க்கிறவர்களுக்கு ஸ்டேஷன் இடைஞ்சலாம். எங்களை யாரும் கேட்கவில்லை" என்று சுருக்கமாக முடித்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விட்ட கணக்கைக் கண்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கடலைத் தூர்ப்பதற்கும் ஸ்டேஷனை மூடுவதற்கும் என்ன சம்பந்தம்? சென்ற டிஸம்பர் மாதம் அரையாண்டு விடுமுறையில் பம்பாய்க்கு, அதாவது 1995 முதல் மும்பாய் என்று வழங்கும் நகரத்துக்கு, நாம் புறப்பட்டபோது அந்த இரண்டு கார்டுகளையும் சட்டைப் பையில் பத்திரமாக எடுத்துக்கொண்டோம்.

மாதுங்காவில் நம் தமக்கையின் குமாரன் குடியிருக்கிறான். பாங்கியில் வேலை. "கொலாபா ஸ்டேஷன் பார்க்க வேண்டும், அப்பா" என்றோம்.

"என்ன மாமா, கொலாபாவிலே ஸ்டேஷன் ஏது? சர்ச்கேட்டோடு லயன் முடிந்து போச்சே! நான் இந்த ஊரிலே பதினைந்து வருஷமா இருக்கேன்" என்று அவன் சிரித்தான்.

சர்ச்கேட் வாசலில் ஒரு டாக்ஸிக்காரரைக் கேட்டோம். அவரும் சிரித்தார். பழைய புஸ்தகங்கள் விற்கிற ஒரு கிழவரைக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை, தெற்குப் பக்கமாகக் கையை மட்டும் காட்டினார். அந்தக் கை காட்டிய வழியே நேயர்களையும் அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

பஞ்சு கொண்டுவந்த ரயில்

பம்பாய் ஒரு காலத்தில் ஏழு தீவுகள். அவற்றின் தென்கோடியில் மெலிந்து நீண்டு கிடந்ததுதான் கொலாபா. கோலி என்னும் மீனவ ஜனங்கள் வாழ்ந்த இடம். 1838-ம் வருஷத்தில் கடலின் குறுக்கே அணைபோல் ஒரு சாலை போட்டு அதை நகரத்தோடு இணைத்தார்கள். பிறகு அங்கே பஞ்சுச் சந்தை வந்தது. குஜராத்திலும் தக்காணத்திலும் விளைந்த பருத்தி, மூட்டை மூட்டையாகக் கொலாபாவில் வந்து குவிந்து, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வருவது நின்றது. எங்கோ நடந்த யுத்தத்தில் பம்பாய்க்கு யோகம் அடித்தது! பருத்தி விலை வானத்தை எட்டிற்று. கையில் புரண்ட பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நகரத்துப் பிரமுகர்கள் கம்பெனிகள் ஆரம்பித்தார்கள். அவற்றுள் பிரஸித்தமானது, நகரின் மேற்கே வில்போல் வளைந்து கிடக்கும் பாக் பே என்னும் விரிகுடாவைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட கம்பெனி. கொலாபா வரை ரயில் பாதை போட நிலம் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதன் பங்குகள் முகமதிப்பைப்போல் பல மடங்கு விலைக்குப் போயின. பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் வியாபாரி அந்த நாளில் முடிசூடா மன்னர்போல் விளங்கினார். சர்ச்கேட்டுக்கு அருகே ஓவல் மைதானத்தின் எதிரில் நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு அவர் கொடுத்த பணத்தில் எழுந்தது. பெயர் அவருடைய தாயாரின் பெயர்.

1865-ல் அமெரிக்காவில் சமாதானம் ஏற்பட்டது. பம்பாயில் பங்குகள் காகிதமாயின. கம்பெனிகள் கவிழ்ந்தன. பிரேம்சந்தும் விழுந்தார். கடைசியில் மிஞ்சியது என்ன? கடலோரமாகத் தூர்த்த ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு ரயில்வேக்குக் கிடைத்தது. ஆக, கடலைத் தூர்த்ததனால்தான் கொலாபாவுக்கு ரயில் வந்தது. இதை நேயர்கள் மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ரயில்வேயின் பெயர் பம்பாய், பரோடா அண்டு சென்ட்ரல் இந்தியா ரயில்வே. 1855-ல் ஏற்பட்ட கம்பெனி. குஜராத்தில் பாதை போடத் தொடங்கித் தெற்கு நோக்கி வந்து, 1864-ல் பம்பாயின் கிராண்ட் ரோடு வரை எட்டிற்று. 1867-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி, விராரிலிருந்து பாக் பே வரை ஒரு வண்டி ஓடிற்று. காலையில் நகரத்துக்கு ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று. அவ்வளவுதான்! காலையில் ஊரை விட்டுப் புறப்பட்டு, நகரத்தில் வேலை பார்த்து, மாலையில் வீடு திரும்பலாம் என்ற வாழ்க்கை அந்தப் பக்கத்தில் இப்படி ஒற்றை வண்டியோடு ஆரம்பமாயிற்று. இன்று அதே பாதையில் சில நிமிஷங்களுக்கு ஒரு வண்டி ஓடுகிறது; ஒவ்வொன்றிலும் ஜனங்கள் தொங்குகிறார்கள்.

1870-ல் சர்ச்கேட் ஸ்டேஷன் திறக்கப்பட்டது. பழைய கோட்டையில் மாதாகோவிலுக்குப் போகும் வாசல் ஒன்று இருந்தது. 1860-களில் கோட்டைச் சுவரை இடித்தபோது வாசலும் போயிற்று. போன வாசலின் பெயரை ஸ்டேஷன் எடுத்துக்கொண்டது. 1873-ல் பாதை கொலாபாவைத் தொட்டது. 1896-ல் கொலாபாவில் முடிவு ஸ்டேஷனுக்குரிய கட்டடம் எழுந்தது. பக்கத்தில் பஞ்சுச் சந்தை. அப்பால் 1875-ல் கட்டிய ஸஸூன் கப்பல் துறை. ஒரு புறம் ராணுவக் குடியிருப்பு. மேற்கே பாதையை ஒட்டினாற்போல் அலைகள் மோதிக்கொண்டிருந்தன. பெரியவர் எழுதிய கடற்காற்று அதுதான்.

மூன்று வருஷத்துப் பொற்காலம்

1928-ம் வருஷம் கொலாபா ஸ்டேஷனுக்கு மகா கீர்த்தி வந்த வருஷம். ஜனவரி 5-ந் தேதி கொலாபாவுக்கும் போரிவ்லிக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அதே வருஷம் ஸெப்டம்பர் முதல் தேதி, பிரான்டியர் மெயில் என்னும் வண்டி கொலாபாவிலிருந்து பெஷாவருக்குப் புறப்பட்டது. நினைத்துப் பாருங்கள்! தெற்கே அரபிக் கடலில் கால் நனைத்த ஒரு ஸ்டேஷனிலிருந்து, டில்லியையும் லாகூரையும் தாண்டி, கைபர் கணவாயின் வாசல் வரையில் ஒரே வண்டி! ஒரு பிளாட்பாரத்தில் டிபன் டப்பாவோடு குமாஸ்தாக்கள். மறு பிளாட்பாரத்தில் கம்பளிப் போர்வையோடு வடமேற்கு எல்லைக்குப் பிரயாணப்படுகிறவர்கள். இத்தகைய ஸ்டேஷன் நிரந்தரமானது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

மூன்றே வருஷம். 1930-ம் வருஷம் டிஸம்பர் 31-ந் தேதியோடு கொலாபா ஸ்டேஷன் மூடப்பட்டது. தூரப் பிரயாண வண்டிகளுக்காகப் பம்பாய் சென்ட்ரல் என்ற புது ஸ்டேஷனை அந்த மாதம் 18-ந் தேதி திறந்தார்கள். கிளாட் பாட்லி என்ற சிற்பி வகுத்த கட்டடம் அது. உள்ளூர் வண்டிகள் சர்ச்கேட்டோடு நின்றன. நம் சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். இங்கே ஜனங்கள் புது வண்டியை வேடிக்கை பார்த்த சமயத்தில், அங்கே நம் பெரியவர் நனைந்துகொண்டு நடந்திருக்கிறார்!

தப்பிப் போன கணக்கு

காரணம் மறுபடியும் கடல்தான். 1918 முதல் 1923 வரை பம்பாய் கவர்னராக இருந்த ஸர் ஜார்ஜ் லாயிட் துரை, அறுபது வருஷத்துக்கு முன் கவிழ்ந்த அதே யோசனையை மீண்டும் எடுத்தார். இந்தத் தடவை கம்பெனியல்ல, ஸர்க்காரே இறங்கிற்று. 1920-ல் வளர்ச்சி இலாகா என்று ஒன்று தோன்றியது. கொலாபாவிலிருந்து வடக்கே கடலில் ஒரு சுவர் எழுப்புவது. துறைமுகத்தின் அடியிலுள்ள சேற்றைத் தோண்டிக் குழாய் வழியே கொண்டு வந்து சுவருக்கு உட்புறம் நிரப்புவது. 1,145 ஏக்கர் புது நிலம் சம்பாதிப்பது. அதை விற்றுச் செலவை ஈடு கட்டி லாபமும் அடைவது. காகிதத்தில் கணக்கு வெகு அழகாக இருந்தது.

கடல் காகிதம் அல்லவே! தோண்டும் யந்திரம் எதிர்பார்த்த அளவு சேற்றைத் தரவில்லை. கொண்டுவந்து கொட்டியதிலும் ஒரு பகுதி சுவரின் இடுக்கு வழியே திரும்பக் கடலுக்கே போயிற்று. செலவோ மதிப்பை மீறி ஓடிற்று. ஜனங்கள் அதற்கு 'லாயிடின் மடமை' என்று பெயர் வைத்தார்கள்.

நம் வகுப்பில் ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் மார்க்கு குறையும், அதோடு முடிந்தது. ஸர்க்கார் கணக்குத் தப்பினால் யாருக்கு மார்க்கு குறைப்பது? இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஒரு பார்ஸி வக்கீல். குர்ஷித் பிராம்ஜி நாரிமன் என்பது அவர் பெயர். சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் பொதுக் கூட்டங்களிலும் அவர் ஓயாமல் கணக்குக் கேட்டார். யார் மதிப்புப் போட்டது? யார் சரி பார்த்தது? ஜனங்களின் வரிப்பணம் எங்கே கரைந்தது? பதில் சொல்வதற்குப் பதிலாக இலாகாவின் என்ஜினீயர் ஒருவர் அவர்மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்தது. நாரிமன் குற்றவாளியல்ல என்று தீர்ப்பாயிற்று. 1926-ல் விசாரணைக் கமிட்டி ஒன்றும் உட்கார்ந்தது. திட்டம் சுருங்கிற்று. நினைத்த 1,145 ஏக்கரில் கைக்கு வந்தது சுமார் 440 ஏக்கர். அதிலும் ஒரு பெரும் பங்கு ராணுவத்துக்குப் போயிற்று.

ஆனால் சுருங்கிய திட்டத்துக்கும் இடம் வேண்டுமே! சர்ச்கேட்டுக்குத் தெற்கே ரயில்வே வைத்திருந்த நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பாதை போடுவதற்காகக் கடலைத் தூர்த்த காலம் போய், தூர்த்த கடலுக்காகப் பாதையைப் பெயர்த்த காலம் வந்தது. நேயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான். கடலைத் தூர்த்ததனால் வந்த ஸ்டேஷன், கடலைத் தூர்த்ததனாலேயே போயிற்று.

ரயில்வேயின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. கடலுக்கும் நகரத்துக்கும் நடுவே நெருக்குண்டு கிடந்த கொலாபாவில், நீண்ட வண்டிகளை நிறுத்தவும் கழுவவும் விஸ்தாரமான இடம் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் அந்தக் குறையைத் தீர்த்தது. தூரப் பிரயாணிகளுக்கு நன்மை என்றே ஒப்புக்கொள்வோம். தினமும் காலையில் வந்து மாலையில் போன குமாஸ்தாக்களுக்கு? அவர்களுக்குக் கால்கள் இருந்தன.

அந்த 1930-ம் வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச்சு மாதம் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். பம்பாய்த் தெருக்களில் கதர்க் குல்லாய்களும் தடியடிகளுமாக நாட்கள் சென்றன. நாரிமனும் அவ்வருஷம் சிறை புகுந்தார். ஒரு மைலுக்குச் சற்று அதிகமான ரயில் பாதை மறைந்ததைப் பற்றி அழ யாருக்கு அவகாசம் இருந்திருக்கும்? பெரியவரின் தபால் கார்டைத் தவிர வேறு எங்கும் அந்த முனகல் நம் காதில் விழவில்லை.

இன்று அங்கே

பழைய புஸ்தகக் கிழவர் காட்டிய வழியே மருமகனும் நாமும் நடந்தோம். ஓவல் மைதானத்தில் பையன்கள் ஒரே சமயத்தில் பத்துக் கிரிக்கெட் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே ராஜாபாய் மணிக்கூண்டும் ஹைகோர்ட்டும் கோபுரங்களோடு நிற்கின்றன. மேற்கே, ஒரு காலத்தில் ரயிலும் கடலும் இருந்த பக்கத்தில், வளைந்த பால்கனிகளோடு வரிசையாக வீடுகள். 1930-களிலும் அதற்குப் பின்னும் புது நிலத்தில் எழுந்த மாடிகள் அவை. இரு புறத்துக் கட்டடங்களையும் சேர்த்து 2018-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்டவாளத்தின் தடம் ஒன்றும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

கொலாபா ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது பத்வார் பார்க் என்ற ரயில்வே அதிகாரிகளின் குடியிருப்பு இருக்கிறது. ஸ்டேஷன் போனாலும் நிலம் ரயில்வேயின் கையைவிட்டு முழுதும் போகவில்லை! வாசற் காவற்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? "ஸ்டேஷனா? இங்கேயா?" என்று வியந்து, நமக்கு ஒரு நாற்காலி போட்டார். அந்த மரியாதை பெரியவருக்கென்றே நாம் எண்ணிக்கொண்டோம். அப்பால் மீனவர் குப்பத்தில் வலை காய்கிறது, படகுகள் ஆடுகின்றன. கொலாபாவுக்குப் பெயர் கொடுத்த ஜனங்கள் எல்லாத் திட்டங்களுக்கும் தப்பி இன்னும் கரையோரத்தில் இருக்கிறார்கள்.

இன்னொரு அதிசயம் நாம் எதிர்பாராதது. 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் மும்பாயின் நிலத்தடி மெட்ரோ ரயில் சர்ச்கேட்டைத் தாண்டிக் கப் பரேட் வரை ஓடத் தொடங்கியது. கப் பரேட் என்பது கொலாபாவின் மேற்கு ஓரம். பழைய ஸ்டேஷனுக்கு அண்டை வீடு. 1930-ல் மேலே பெயர்த்த பாதை, 95 வருஷங்களுக்குப் பிறகு பூமிக்கு அடியில் திரும்பி வந்திருக்கிறது! திரும்பும்போது நாம் அதில் ஏறினோம். குளிர்ந்த காற்று, பளபளக்கும் பெட்டி, சில நிமிஷங்களில் சர்ச்கேட். பெரியவர் மழையில் நடந்த தூரம் அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே மட்டும் கடல் இல்லை, இருட்டு.

படியேறி மேலே வந்தால் சாலையின் பெயர்ப் பலகை எதிரே நின்றது. முன்பு சர்ச்கேட் தெரு என்று வழங்கிய அந்தச் சாலைக்கு இப்போது வீர நாரிமன் சாலை என்று பெயர். தெற்கே, கடலைத் தூர்த்த நிலத்தின் முனையில் வானளாவிய காரியாலயங்கள் நிற்கும் இடத்துக்கும் நாரிமன் முனை என்றே பெயர். 1935-ல் நகரத்தின் மேயராக இருந்தவர், 1937-ல் மாகாண முதன் மந்திரி பதவி தமக்கு வருமென்று எதிர்பார்த்து ஏமாந்தவர், 1948-ல் காலமானவர். எந்தக் கணக்கைத் தவறென்று காட்டுவதற்காக அவர் கோர்ட்டு ஏறினாரோ, அந்தக் கணக்கில் விளைந்த மண்ணுக்கே அவர் பெயர்! லாயிடு துரையின் பெயரை இன்று அங்கே யார் சொல்கிறார்கள்?

"இந்த ரோட்டிலே தினம் நடக்கிறேன், மாமா. நாரிமன் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை" என்றான் மருமகன். நாமும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நம் ஊர்த் தெருப் பெயர்களில் எத்தனை பேரை நாம் அறிவோம்?

ஸ்டேஷன்கள் வரும், போகும். நகரம் வளர இடம் வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் ஒன்றை எடுக்கும்போது, அதை நம்பி இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். செலவழிக்கும்போது கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். இரண்டும் அன்று நடக்கவில்லை. கேட்கப்படாத குமாஸ்தா ஒரு தபால் கார்டில் எழுதி வைத்தார். கணக்குக் கேட்ட வக்கீல் கோர்ட்டு வரையில் போனார். இருவருமாகச் சேர்ந்தே நமக்கு இந்தக் கணக்கின் வழியைக் காட்டியிருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் அந்த இரண்டு கார்டுகளையும் வெள்ளைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தோம். கூடவே, கப் பரேட்டிலிருந்து சர்ச்கேட்டுக்கு வாங்கிய மெட்ரோ டிக்கெட்டையும் வைத்தோம். பெரியவர் நடந்த கடனுக்கு நம்மால் ஆன வட்டி அவ்வளவுதான்.